வன்னிப் புழுதிக்கு ஒரு எம்.டி. 90

ஹொண்டாவின் பழைய தபால்கார மோட்டார் சைக்கிளான எம்.டி. 90 ஒன்றை வாங்கிக்கொண்டு வந்ததும் பெடியள் முதலில் தேடுவது கிரைண்டரை. கால்மறைப்பு போகும், செயின் பெட்டி போகும், பின் மட்காட் பாதியாகும், எயார் பில்டர் பெட்டி மூலைக்குப் போய் அந்த இடத்தில் கூம்பு பில்டர் ஏறும். இரண்டு நாளில் வண்டி படத்தில் பார்த்த கஃபே ரேசர், அதாவது வெட்டிக் குறைத்த பந்தய வண்டி மாதிரி நிற்கும். அடுத்த கோடை முடியமுதல் நீலப்புகை தள்ளத் தொடங்கும். வெட்டி எறிந்த நாலு சாமானும்தான் கிரவல் வீதிப் புழுதியை எஞ்சினிலும் செயினிலும் ஏறவிடாமல் வைத்திருந்தவை. ஆகவே இந்தப் பதிவில் வேலையின் ஒழுங்கு வேறு: முதலில் சிலிண்டர், பிறகு கரண்ட், அதற்குப் பிறகுதான் உருவம்.

எம்.டி. என்றால் மெயில் டெலிவரி. ஜப்பானில் தபால் கொண்டு திரிய ஹொண்டா செய்த வண்டி. சூப்பர் கப் குடும்பத்து எஞ்சின்தான், ஆனால் முன்னுக்கு ரெலிஸ்கோப்பிக் போர்க்கும் 14 அங்குலச் சில்லும் வரும். கப் 90 இல் 17 அங்குலம். பாரம் ஏற்றி, நின்று நின்று ஓடுவதற்கென்றே கட்டினதால் நெல்மூட்டை, மீன்பெட்டி எல்லாவற்றுக்கும் இங்கே சரியாய்ப் பொருந்திவிட்டது.

வாங்கும்போது எஞ்சின் சத்தத்துக்கு முன்னம் இலக்கத்தைப் பாருங்கள். எஞ்சின் இலக்கம், செசி இலக்கம் இரண்டும் பதிவுப் புத்தகத்தோடு ஒத்துப்போக வேண்டும். 2009 இல் வன்னியில் கைவிடப்பட்ட வண்டிகளின் பாகங்கள் எத்தனையோ கை மாறியிருக்கின்றன. ஒரு வண்டியின் செசியில் இன்னொன்றின் எஞ்சின் இருப்பது புதினமில்லை. இலக்கத்தை அரத்தால் உராய்ந்திருந்தால் விலை எவ்வளவு மலிவு என்றாலும் விட்டுவிடுங்கள். இன்னொன்று: பாகம் தேடி, கண்ணிவெடி அகற்றியது என்று உறுதியில்லாத காணியில் தோண்டக் கூடாது. பழைய இரும்புக் குவியலில் கிடக்கும் மூடிய குழாய், உருளை எதையும் வெட்டவோ சூடாக்கவோ கூடாது. அது என்னவென்று உங்களுக்குத் தெரியாது.

வேலைசெய்யும் இடம் தகரக் கொட்டில் என்றாலும் பரவாயில்லை, நிலம் மண்ணாக இருக்கக் கூடாது. சீமெந்து இல்லையென்றால் பழைய பிளெக்ஸ் பனர் ஒன்றை விரித்து அதற்குமேல் முதிரைப் பலகை போடுங்கள். திறந்த எஞ்சினுக்குள் விழும் ஒரு சிட்டிகை மணல், நீண்டகால ஓட்டத்தின் தேய்மானத்தைக் கொஞ்ச நேரத்தில் செய்துவிடும்.

இறுகிப்போன எஞ்சின்தான் அதிகம் கிடைக்கும். பிளக்கைக் கழற்றி, டீசலும் எஞ்சின் ஒயிலும் பாதிக்குப்பாதி கலந்து ஒரு மேசைக்கரண்டி விட்டு, இரண்டு மூன்று நாள் விட்டுவிடுங்கள். இந்த எஞ்சின் கிட்டத்தட்டப் படுத்த வாக்கில் இருப்பதால் ஊற்றினது முழுவதும் கீழ்ப்பக்கம் தேங்கும். முன்சில்லைத் தூக்கி வண்டியை நிமிர்த்தி வைத்தால்தான் பிஸ்டன் வளையம் சுற்றி இறங்கும். பிறகு இடப்பக்க மூடியைக் கழற்றி, மக்னற் (சுழன்று கரண்ட் தரும் காந்தச் சில்லு) நட்டில் சொக்கற் போட்டு மெதுவாக முன்பின் ஆட்டுங்கள். கிக்கரில் ஏறிக் குதிக்கக் கூடாது. பிஸ்டன் அசையாது, கிக்கர் பல்தான் உடையும்.

ஸ்குரூ ஆணிகளைப் பற்றி ஒரு சொல். ஜப்பான் வண்டியின் நட்சத்திரத் தலை, எங்களுடைய சாதாரண பிலிப்ஸ் ஸ்குரூ டிரைவருக்குப் பொருந்துவதுபோல் தெரிந்தாலும் பொருந்தாது. வளைவு வேறு. இறுக்கித் திருப்பினால் டிரைவர் மேலே ஏறித் தலையை அரைத்துவிடும். ஜப்பான் அளவு நுனியோடு, சுத்தியலால் அடிக்கத் திரும்பும் இம்பக்ட் டிரைவர் ஒன்று வாங்குங்கள். இந்தக் கொட்டிலில் முதலில் வாங்கவேண்டிய கருவி அதுதான் என்பேன், பெயின்ற் கன் இல்லை.

ஹெட்டைக் கழற்றினதும் பிஸ்டன் வாங்கக் கடைக்கு ஓடாதீர்கள். இந்தக் குடும்பத்து 90 எஞ்சினில் இரண்டு அளவு உண்டு. பழையது போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 50 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) 45.6 மி.மீ., அதாவது 89.5 சி.சி. பிந்தினது 47 க்கு 49.5, ஏறத்தாழ 86 சி.சி. இரண்டையும் 'நைன்ரி' என்றே கடையில் கேட்பார்கள், கொடுப்பார்கள். வேர்னியரால் அளந்துவிட்டுப் போங்கள்.

சிலிண்டரைப் போர் கேஜால் மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில், ஒவ்வொன்றிலும் குறுக்காக இரண்டு திசையில் அளக்க வேண்டும். புழுதி தின்ற சிலிண்டர் மேல்வளையம் திரும்பும் இடத்தில்தான் கூடத் தேய்ந்திருக்கும். விரல் நகத்தை வைத்து இழுத்தால் அங்கே ஒரு படி தட்டுப்படும். தேய்வு 0.05 மி.மீ. க்குள் என்றால் வளையம் மாற்றி லேசாக ஹோன் பண்ணி (சுவரை மெல்ல உரசி) பார்க்கலாம். 0.1 ஐத் தொட்டால் மறுபேச்சில்லை, போர் பண்ண, அதாவது சிலிண்டரைக் கூட்டி வெட்ட வேண்டும். பிஸ்டன் 0.25, 0.50, 0.75, 1.00 எனக் கூடின அளவில் கிடைக்கும். பிஸ்டனைக் கையில் வாங்கி, அதையும் அளந்து, அதற்கேற்ப 0.03 முதல் 0.04 மி.மீ. இடைவெளி விட்டுப் போர் பண்ணச் சொல்லுங்கள். 'ஐம்பது தசம் ஐந்துக்கு வெட்டித் தாங்கோ' என்று வாயால் சொல்லிவிட்டு வந்தால் இறுகும், இல்லையென்றால் தட்டும். ஒரேயடியாக 1.00 க்குப் போனால் 93 சி.சி. வரும் என்று ஆசை காட்டுவார்கள். மூன்றரை சி.சி. யில் வித்தியாசம் ஒன்றும் தெரியாது. அடுத்தமுறை வெட்டச் சிலிண்டரில் இரும்பு இராது, அவ்வளவுதான்.

புது வளையத்தைத் தனியே சிலிண்டருக்குள் இறக்கிப் பிஸ்டனால் நேராகத் தள்ளி, வாய் இடைவெளியை பீலர் கேஜால் பாருங்கள். 0.15 இற்கும் 0.35 இற்கும் இடையில் இருக்க வேண்டும். குறைவென்றால் மெல்லிய அரத்தால் உராயலாம். கூடவென்றால் கடைக்கே திருப்பிக் கொடுங்கள். எழுத்துள்ள பக்கம் மேலே. வாய்கள் மூன்றும் ஒரே நேரில் நிற்காமல் 120 பாகை விலகி நிற்க வேண்டும். பிஸ்டன் தலையிலுள்ள 'ஐ.என்.' எழுத்து இன்டேக் பக்கம், அதாவது இந்த எஞ்சினில் மேல்நோக்கி. பிஸ்டன் அச்சைப் பிடிக்கும் கிளிப் எப்போதும் புதிது. கிளிப் போடமுன் எஞ்சின் வாயில் துணி அடையுங்கள். உள்ளே விழுந்த கிளிப்பை எடுக்க எஞ்சினையே பிளக்க வேண்டிவரும்.

மண்ணெண்ணெயில் ஓடின எஞ்சின்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1990 இல் தொடங்கின பொருளாதாரத் தடைக்காலத்தில் வடக்கில் பெற்றோல் என்பது துளிக்கணக்கு. கொஞ்சம் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்டாட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடினார்கள். அப்படி வருடக்கணக்காய் ஓடின எஞ்சினில் இரண்டு நோய் இருக்கும். ஒன்று, எரியாத மண்ணெண்ணெய் வளையத்தைத் தாண்டி இறங்கி ஒயிலை ஐதாக்கும். சிலிண்டர் சுவரின் ஒயில் படையும் கழுவுண்டு போகும். முதலில் சாவது கனெக்டிங் ரொட்டின் பெரிய முனை. ரொட்டைப் பிடித்து மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள், அசைவே இருக்கக் கூடாது. பக்கவாட்டில் சற்று ஆடினால் பயமில்லை, அது அப்படித்தான் இருக்கும். இரண்டாவது நோய் கரி. எக்சோஸ்ட் துவாரம் பாதி அடைபட்டிருக்கும், வால்வ் தண்டில் பிசின் ஒட்டியிருக்கும். மண்ணெண்ணெய்க்கு அமுக்கம் குறைய வேண்டும் என்பதால் யாராவது ஹெட் கஸ்கற்றைத் தடிப்பாக்கியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். அப்படியே வைத்துப் பூட்டினால் பெற்றோலில் வண்டி சோம்பியே ஓடும். இன்று விற்கும் ஒக்ரேன் 92 இந்த எஞ்சினுக்குத் தாராளம். 95 அடித்தால் காசுதான் எரியும்.

கரி சுரண்ட மரச்சிராய், அலுமினியத் துண்டு, பழைய பல்துலக்கி போதும். கோஸ்டிக் சோடாவில் ஊறப்போடச் சொல்லும் ஆக்கள் இன்னும் உண்டு. பரந்தனில் ஒருகாலம் கோஸ்டிக் சோடாத் தொழிற்சாலையே இருந்த படியாலோ என்னவோ, அதன்மேல் இங்கே ஒரு நம்பிக்கை. இரும்புக்குச் சரி. அலுமினிய ஹெட்டையும் கேசையும் அது கரைத்துத் தின்னும்.

வால்வைப் பேஸ்ட் போட்டு அரைத்தால் இருக்கையில் சுற்றிவர ஒரே அகலச் சாம்பல் கோடு, ஒரு மில்லிமீற்றர் அளவில், அறுபடாமல் தெரிய வேண்டும். பூட்டினபின் துவாரத்துக்குள் பெற்றோல் ஊற்றி ஐந்து நிமிடம் பாருங்கள். கசிந்தால் திரும்ப அரையுங்கள். அரைத்த பேஸ்ட் துளியும் மிஞ்சாமல் கழுவ வேண்டும். அது சிலிண்டருக்குப் போனால் இவ்வளவு பாடும் வீண்.

பூட்டும்போது கவனிக்கவேண்டியது, வால்வுகளை இயக்கும் கேம் செயினின் குறி. எஞ்சின் இடப்பக்கம் நின்று பார்க்க இடஞ்சுழியாகச் சுற்றும். மக்னற் சில்லிலுள்ள 'டி' குறியைக் கேசின் குறிக்கு நேரே கொண்டுவந்து வைத்து, கேம் பல்சில்லின் வட்டக்குறியை ஹெட்டின் வெட்டுக்கு நேரே வைத்துப் பூட்டுங்கள். ஒரு பல் தவறினால் ஸ்டாட் ஆகும், ஆனால் இழுக்காது. அந்தக் குறையை நாள்கணக்கில் காபரேற்றரில் தேடுவார்கள். செயின் இறுக்கியின் ரப்பர் தலை தேய்ந்திருந்தால் அதையும் இப்போதே மாற்றுங்கள். ஹெட் நட்டுகளில் ஒன்று ஒயில் மேலேறும் பாதையில் இருக்கிறது. அதற்குச் செம்பு வாஷர். கழற்றும்போது எது எங்கே இருந்தது என்று போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். சாதா வாஷர் போட்டால் ஹெட்டோரம் ஒயில் வழியும், புழுதி வந்து அப்பும், எஞ்சின் சேற்றுச்சட்டை போட்டதுபோல் சூடேறும்.

ராப்பற் இடைவெளி (வால்வுக்கும் அதை அமுக்கும் ரொக்கருக்கும் இடையிலுள்ளது) எஞ்சின் ஆறியிருக்கும்போது இரண்டுக்கும் 0.05 மி.மீ. 'டி' குறி நேரே நிற்கையில் இரண்டு ரொக்கரும் தளர்வாய் ஆட வேண்டும். ஒன்று இறுகியிருந்தால் இன்னொரு சுற்று சுற்றுங்கள்.

வலப்பக்க மூடியையும் திறந்து, கிளச்சின் முன்னாலுள்ள சுழல் வடியைக் கழற்றிப் பாருங்கள். ஒயிலிலுள்ள அழுக்கைச் சுழற்றி ஓரத்தில் ஒதுக்கும் கிண்ணம் அது. மண்ணெண்ணெய் வண்டிகளில் அதற்குள் களிமண்போலக் கட்டியாய் இருக்கும். அடியிலுள்ள வலைவடியையும் கழுவுங்கள். இவை இரண்டையும் விட்டுவிட்டு விலை கூடின ஒயில் ஊற்றுவதில் பிரயோசனமில்லை. ஒயில் ஏறத்தாழ 0.8 லீற்றர். அளவுகோலைத் திருகி இறுக்காமல் சும்மா வைத்துப் பார்க்க வேண்டும். எங்கள் வெக்கைக்கு 20டபிள்யூ-50 சரி, ஆனால் போத்தலில் ஜாசோ எம்.ஏ. என்ற மோட்டார் சைக்கிள் ஒயில் தரக்குறி இருக்க வேண்டும். கார் ஒயில் கிளச்சை வழுக்கும். கிளச் அளவு வைக்க: பூட்டு நட்டைத் தளர்த்தி, நடு ஆணியை வலஞ்சுழியாக ஒரு சுற்று, பிறகு மெதுவாக இடஞ்சுழியாகத் தடை தட்டும் வரை, அங்கிருந்து வலஞ்சுழியாக எட்டிலொரு சுற்று, பூட்டு.

இனிக் கரண்ட். பொறி வரும் நேரத்தைத் தீர்மானிக்கும் தொடுமுனையான பொயின்ற், சில மொடலில் மக்னற் சில்லுக்குள், சிலவற்றில் ஹெட்டின் இடப்பக்க மூடிக்குள். எங்கே இருந்தாலும் இடைவெளி 0.3 முதல் 0.4 மி.மீ. 'எஃப்' குறி நேரே வரும் கணத்தில் பொயின்ற் திறக்கத் தொடங்க வேண்டும். பொறி வராவிட்டால் புதுக் கொயில் வாங்கமுன், மக்னற்றில் நேரடியாகப் பொறி எடுக்கும் மொடல் என்றால், சாவித்துவாரத்துக்குப் போகும் அணைக்கும் வயரைக் கழற்றிவிட்டு உதையுங்கள். அந்த வயர் ஹான்டில் அடியில் உராய்ந்து உடம்பில் முட்டுவது வழமை. மக்னற் சில்லைக் கழற்றப் புல்லர் வேண்டும். சுத்தியல் அடித்தால் கிராங்க் கோணும்.

6 வோல்ற்றா 12 ஆ? வயலுக்கும் கடைக்கும் பகலில் ஓடும் வண்டிக்கு 6 வோல்ற் போதும், சும்மா விடுங்கள். இரவில் ஏ9 வீதியில் ஓடுவீர்கள் என்றால் மாற்றுங்கள். நடுவீதியில் படுத்திருக்கும் மாடு 6 வோல்ற் வெளிச்சத்தில் கிட்டப் போனபிறகுதான் தெரியும். மாற்றும்போது ஸ்டேற்றர், மக்னற் சில்லு, சி.டி.ஐ. பெட்டி (பொயின்ற்றுக்குப் பதிலான மின்னணுப் பெட்டி), கொயில், ரெகுலேற்றர் எல்லாம் ஒரு தொகுதியாகவே வர வேண்டும். கூடவே பற்றரி, பல்புகள், ஹோர்ன், பிளாஷர். ரெகுலேற்றரின் எர்த்தை பெயின்ற்றுக்கு மேல் பூட்டினால் முதல் இரவே பல்புகள் வரிசையாய் எரியும். அந்த இடத்தைச் சுரண்டி வெள்ளை இரும்பு தெரியவைத்துப் பூட்டுங்கள்.

உருவத்துக்கு வருவோம். எம்.டி. யின் செசி தகடு அழுத்திச் செய்தது. குழாய் செசிபோல் ஒரு துண்டை அறுத்து வளையம் ஒட்ட முடியாது. பாரத்தைத் தகட்டின் முழுத்தோலும் தாங்குகிறது. ஆசனத்தடியில் வாய்வெட்டினால் வெடிப்பு அங்கிருந்துதான் தொடங்கும். உள்ளே கறள் இருக்கிறதா என்று அடிப்பக்கம் ஸ்குரூ டிரைவர் நுனியால் தட்டிப் பாருங்கள், முல்லைத்தீவுக் கரையோரம் நின்ற வண்டி என்றால் கட்டாயம். மொத்தென்று சத்தம் வந்தால் பெயின்ற்றுக்குக் கீழே தகடு இல்லை. எனவே பூட்டிக் கழற்றக்கூடியவற்றில் கைவையுங்கள்: ஆசனம், ஹான்டில், லைற், பின் கரியர், கண்ணாடி, நிறம். இதிலேயே வண்டி அடையாளம் தெரியாமல் மாறும்.

கால்மறைப்பைக் கழற்றியே தீருவேன் என்றால் முன் மட்காட்டைக் கீழே நீட்டி ஒரு ரப்பர் துண்டு பூட்டுங்கள். முன்சில்லு எறியும் சேறு நேரே எஞ்சினிலும் பில்டர் பக்கமும் அடிக்காமல் இருக்கும். முழுச் செயின் பெட்டியைத் தயவுசெய்து விடுங்கள். கிரவல் வீதியில் திறந்த செயின் என்பது ஒயில் பூசின அரத்தாள். செயின் தளர்வு நடுவில் 20 மி.மீ. அளவு. எயார் பில்டர் பெட்டியும் இருக்க வேண்டும். பஞ்சு பில்டரை மண்ணெண்ணெயில் கழுவி, நன்றாக உலரவிட்டு, கியர் ஒயிலில் நனைத்துப் பிழிந்து போடுங்கள். சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் இரண்டு கிழமைக்கொருமுறை. பெட்டிக்கும் காபரேற்றருக்கும் இடையிலுள்ள ரப்பர் வெடித்திருந்தால் பில்டர் இருந்தும் இல்லாத கணக்கு.

காபரேற்றரில் கலவை ஆணி மெதுவாக முழுக்க இறுக்கி ஒன்றரைச் சுற்றுத் திறப்பது தொடக்கம். சைலன்சர் மாற்றினால் மட்டும் மெயின் ஜெற்றை ஒரு படி கூட்டிப் பாருங்கள். பிளக் பால்கோப்பி நிறத்தில் இருந்தால் நிறுத்துங்கள். வெள்ளையாய் வெளிறினால் எரிபொருள் போதாது, அந்த நிலையில் நீண்ட ஓட்டம் பிஸ்டனைப் பிடிக்கும்.

14 அங்குலச் சில்லுக்குப் பதில் 17 போடுவது இப்போது மோஸ்தர். 2.75-14 ரயரின் வெளி விட்டம் ஏறத்தாழ 19.5 அங்குலம், 2.50-17 இற்கு 22. நூற்றுக்குப் பதின்மூன்று பங்கு கியர் உயரும். பின் பல்சில்லு 40 பல் என்றால் 45 ஆக்கினால்தான் பழைய இழுவை. ஆக்காமல் ஓடினால் மூட்டையோடு மூன்றாம் கியரில் எஞ்சின் முனகும். மீற்றரும் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும்.

பெற்றோல் தாங்கிக்குள் கறள் என்றால் சங்கிலி போட்டுக் குலுக்குவதைவிட மின்வேலை நல்லது. லீற்றருக்கு 15 முதல் 20 கிராம் சலவைச் சோடா கரைத்து நிரப்பி, வாயில் ரப்பர் சுற்றின இரும்புக் கம்பியை உள்ளே தொங்கவிடுங்கள். கம்பி தாங்கியில் முட்டக் கூடாது. பற்றரி சார்ஜரின் நேர்முனை கம்பிக்கு, எதிர்முனை தாங்கிக்கு. ஓர் இரவு. வருவது ஹைட்ரஜன், ஆகவே வெளியில் வைத்து, பீடி சிகரெட் எட்ட. ஸ்ரெயின்லெஸ் கம்பி வேண்டாம், கரைசல் நஞ்சாகும். கழுவின கையோடு உலர்த்தி, ஒயில் கலந்த பெற்றோல் விட்டு உருட்டுங்கள். இல்லையென்றால் ஒரு மணித்தியாலத்தில் செம்மை படரும். வெல்டிங் வேலை இருந்தால் கழுவின தாங்கி என்றாலும் வெடிக்கும், தண்ணீர் நிரப்பி ஒட்டும் இடத்தை மட்டும் வெளியே விடுங்கள்.

பெயின்ற்றுக்கு மாரி ஆகாது, ஈரம் பிடித்துப் பால்நிறம் கட்டும். சோளகமும் ஆகாது, புழுதி. பங்குனி, சித்திரையில் விடிய வெள்ளென, கொட்டில் நிலத்துக்குத் தண்ணீர் தெளித்துவிட்டு அடியுங்கள். மண்கடதாசி 120, 240, 400 என ஏறிப் பிரைமர் இரண்டு பூச்சு, பிறகு 800. நிறம் மாறினால் பதிவுப் புத்தகத்திலும் மாற்ற வேண்டும். வீதிச் சோதனையில் அதையும் பார்க்கலாம்.

முதல் ஸ்டாட்டில் எஞ்சின் ஓடும்போதே மேல் ராப்பற் மூடியைத் தளர்த்துங்கள். அரை நிமிடத்தில் ஒயில் எட்டிப்பார்க்க வேண்டும், இல்லையென்றால் உடனே அணையுங்கள். முதல் நாள் பத்து நிமிடம் ஓட்டி முழுக்க ஆறவிடுவதை மூன்று நாலு தரம். 50 கிலோமீற்றரில் ஒயில் மாற்றுங்கள், வடியும் ஒயிலில் வெள்ளிப்பொடி மினுங்கினால் பயப்பட வேண்டாம், துண்டு துண்டாய் வந்தால் திறக்க வேண்டும். 500 கிலோமீற்றர் வரை மணிக்கு 40 க்கு மேல் போகாமல், ஒரே வேகத்தில் இழுக்காமல், ஆள் ஏற்றாமல். 500 இல் திரும்ப ஒயில், ராப்பற் 0.05, செயின், சில்லுக் கம்பிகள், ஹெட் நட்டு. மாரியில் வழிந்தோடும் வெள்ளத்தைக் கடந்தீர்கள் என்றால் அன்றைக்கே அளவுகோலை எடுத்துப் பாருங்கள். ஒயில் பால்தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் ஸ்டாட் பண்ணாமல் வடித்துவிடுங்கள்.